மானிட்டரிங்கில் சிவப்பு காட்டினால்: சைட்டுக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

ராயபுரத்திலிருந்து மணலி, எண்ணூர் பக்கம் ஒரு குடோனுக்குப் போக தூரம் பெரிதில்லை. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டிவிட்டால், ஒரு அடாப்டரைப் பிடுங்கி மாட்டுகிற வேலைக்கே அரை நாள் போய்விடும். அதனால்தான் இந்தப் பக்கம் இரண்டு மூன்று இடங்களில் தொழில் செய்கிறவர்கள், கிளியரிங் ஏஜென்ட் ஆகட்டும், ஐஸ் பிளான்ட் ஆகட்டும், எம்.சி. ரோடு துணிக்கடை ஆகட்டும், சுவிட்சையும் ரவுட்டரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனிக்கப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சர்வரில் ஸாபிக்ஸ், லிப்ரிஎன்எம்எஸ் மாதிரி கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைப் போட்டால் மட்டும் அது நடந்துவிடாது. அந்தப் பக்கம் இருக்கும் கருவியையும் தயார் செய்திருக்க வேண்டும். அரைகுறையாகத் தயார் செய்த கருவி சும்மா இருக்கும் நாளெல்லாம் பச்சை காட்டும், தேவைப்படும் நாளில் கைவிடும்.

சிவப்பு காட்டும் கருவிகளில் பல உயிரோடுதான் இருக்கும். சர்வருக்கும் அதற்கும் நடுவில் வழி அடைபட்டிருக்கும். அதனால் அறிகுறியைப் பார்த்து, காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு சைட் முழுவதும் சிவப்பு

முதலில் கரன்ட். சைட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்கோ சூப்பர்வைசருக்கோ போன் போடுங்கள். "லைட் எரியுதாண்ணா?" என்று கேட்டால் "எரியுதுப்பா" என்றுதான் பதில் வரும், டியூப்லைட்டும் லைட்தான், சுவிட்சில் மினுக்குவதும் லைட்தான். அதனால் கருவியை மாட்டும் அன்றே ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெரிய எண்ணாக ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஓஎன்டிக்கு (ஃபைபர் வந்து சேரும் டப்பா) 1, ரவுட்டருக்கு 2, சுவிட்சுக்கு 3. அப்புறம் போனில் பேச வேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணா, 1, 2, 3ன்னு ஒட்டின மூணு டப்பாவும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க." அந்த ஒரு படம் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

*படத்தில் மூன்றும் இருட்டு:* இபி கரன்ட் இருக்கிறதா, எம்சிபி விழுந்திருக்கிறதா, யுபிஎஸ் கத்துகிறதா என்று வரிசையாகக் கேளுங்கள். கரன்ட் இருந்தும் யுபிஎஸ் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி போயிருக்கும். எம்சிபி தூக்கிவிட்டவுடன் மறுபடி விழுந்தால் யாரையும் மூன்றாவது முறை தூக்கச் சொல்லாதீர்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

*ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பு:* ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது ஒளி போதவில்லை. உயரமாக லோடு ஏற்றி வரும் வண்டிகள் குறுக்கே தொங்கும் ஃபைபரை இழுத்துக்கொண்டு போவது இந்தப் பக்கம் வழக்கம். சைட்டில் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஓஎன்டியின் பச்சை கனெக்டரைக் கழற்றி, கிளிக் என்று சத்தம் வரும்படி திரும்பச் செருகுவது. முனையை விரலால் துடைக்க வேண்டாம், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அப்படியும் சிவப்பென்றால் இணைய நிறுவனத்தில் புகார் பதியுங்கள். அதற்கு மேல் நம் கையில் இல்லை.

தயார் செய்யும் நாளிலேயே ஓஎன்டியின் வெப் பக்கத்தில் காட்டும் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிபான் வகை ஃபைபர் இணைப்புகளில் அது பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 20இல் இருந்தது மெல்ல மைனஸ் 26க்கு இறங்கிவிட்டது என்றால், இணைப்பு ஓடும்போதே புகார் கொடுத்துவிடலாம்.

*எல்லா விளக்கும் சரி, சைட்டில் நெட்டும் வருகிறது, நமக்கு மட்டும் சிவப்பு:* ரவுட்டரின் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை என்றால் ஐபி மாறியிருக்கலாம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: சைட் ரவுட்டரே நம் ஆபீசுக்கு விபிஎன் (இணையம் வழியே ஒரு தனி மூடிய பாதை) போடட்டும். வயர்கார்டு வகை விபிஎன் என்றால் சைட் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வினாடி என்று வையுங்கள். அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் வழி மூடிக்கொள்ளும். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்குவது அடுத்த வழி, அதற்கு மாதா மாதம் காசு.

ஸ்டாட்டிக் ஐபி வாங்கியவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்என்எம்பியையோ (சர்வர் கருவியிடம் நிலவரம் கேட்கும் முறை), எஸ்எஸ்ஹெச்சையோ (தூரத்திலிருந்து கருவிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி), ரவுட்டரின் வெப் பக்கத்தையோ நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். "ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று திறந்த போர்ட்டை யாரும் மூடுவதில்லை. திறந்த போர்ட்டைத் தேடித் தட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. விபிஎன் வழியாக மட்டும்.

நமக்கு மட்டும் சிவப்பு காட்ட இன்னொரு காரணமும் உண்டு. எல்லாக் கிளையிலும் 192.168.1 என்ற ஐபி வரிசையே இருந்தால் விபிஎன் எழுந்து நிற்கும், ஆனால் பாக்கெட் எங்கே போவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. தண்டையார்பேட்டைக்கு ஒரு வரிசை, மாதவரத்துக்கு ஒரு வரிசை என்று முதலிலேயே பிரித்துவிடுவதுதான் மலிவு. இருபது கேமரா மாட்டிய பிறகு மாற்றுவது பெரிய வேலை.

ஒரே ஒரு கருவி மட்டும் சிவப்பு

மேலே இருக்கும் சுவிட்சுக்குள் போய் அந்தப் போர்ட்டைப் பாருங்கள். லிங்க் இல்லை, ஆனால் அது பிஓஇ (நெட் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கும்) போர்ட் என்றால் அங்கிருந்தே மின்சாரத்தை நிறுத்தி, பத்து வினாடி விட்டுத் திரும்பக் கொடுங்கள். தொங்கிப் போன ஆக்சஸ் பாயின்ட்டும் கேமராவும் பல நேரம் இதிலேயே எழுந்துவிடும். இதற்காகவே கொஞ்சம் விலை கூடினாலும் மேனேஜ்டு பிஓஇ சுவிட்ச் வாங்கச் சொல்வேன்.

லிங்க் இருக்கிறதா? அப்படியானால் சைட் ரவுட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து போகிறது, ஆபீசிலிருந்து மட்டும் போகவில்லை என்றால் அந்தக் கருவியில் டிஃபால்ட் கேட்வே போடாமல் விட்டிருப்பார்கள். மாட்டியவர் பக்கத்தில் லேப்டாப் வைத்துப் பார்த்தபோது எல்லாம் வேலை செய்திருக்கும். வெளியூர்க்காரனுக்குப் பதில் அனுப்பத்தான் கேட்வே வேண்டும். சப்நெட் மாஸ்க்கையும் (எந்த ஐபி உள்ளூர் என்று சொல்லும் எண்) ஒரு பார்வை பாருங்கள்.

பிங் விட்டு விட்டுப் போனால், அந்த ஐபிக்கு ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்ற பட்டியல்) எந்த மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) வருகிறது என்று சில முறை பாருங்கள். இரண்டு மேக் மாறி மாறி வந்தால் ஐபி மோதுகிறது. டிஹெச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் வசதி) எல்லைக்கு வெளியே ஐபி கொடுத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

இதெல்லாம் சரி, ஆனாலும் லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக்காற்றை யாராலும் தடுக்க முடியாது. திறந்த ரேக்கில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், எட்டுப் பின்களில் ஒன்றிரண்டின் தங்க நிறம் போய், ஓரத்தில் பச்சைப் பாசி பூத்திருப்பது தெரியும். இது சைட்டுக்குப் போகாமலே தெரிய வேண்டுமென்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, போர்ட்டின் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த பாக்கெட்) எண் ஏறிக்கொண்டே போகிறதா. இரண்டு, ஜிகாபிட் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் வந்து நிற்கிறதா. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு பின் செத்தாலே வேகம் இறங்கிவிடும். போர்ட் வேகம் குறைந்தால் அலர்ட் வரும்படி வைத்தால், கேபிள் முழுதாகப் போவதற்கு முன்பே தெரியும். பிளக்கை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும். சுவிட்சின் சாக்கெட்டுக்குள்ளேயே பச்சை ஏறியிருந்தால் அந்தப் போர்ட்டைக் கைவிடுங்கள். பல போர்ட்டில் ஏறியிருந்தால் வேறு சுவிட்சும் மூடிய ரேக்கும் வாங்கத்தான் வேண்டும்.

பகலில் பச்சை, இரவானால் கேமரா சிவப்பு

இதைச் சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்துப் பலர் ஃபர்ம்வேரை மாற்றுவார்கள். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், அப்போது அது கூடுதல் மின்சாரம் இழுக்கும். சாதாரண பிஓஇ போர்ட் கொடுப்பது 15.4 வாட், 100 மீட்டர் கேபிள் தாண்டி கருவிக்குக் கிடைக்குமென்று உறுதியானது 12.95 வாட்தான். அதுவும் முழுத் தாமிரக் கேபிளில். அலுமினியக் கம்பிக்குத் தாமிரப் பூச்சு பூசிய மலிவுக் கேபிளில் இழப்பு இன்னும் அதிகம். கேமரா எழுந்து, விளக்கு எரிந்து, விழுந்து, மறுபடி எழுந்து கொண்டிருக்கும்.

சுவிட்சின் மொத்த பிஓஇ வாட் எவ்வளவு, இப்போது எவ்வளவு போகிறது என்பதை இரவில் பாருங்கள். எல்லையைத் தொட்டுவிட்டால் ஒன்றிரண்டு கேமராவை வேறு சுவிட்சுக்கு மாற்றுங்கள். எல்லைக்குள் இருந்தும் விழுந்தால் கேபிள்தான். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் இழுத்த கேபிளை முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும். உயரத்தில், கூரைத் தகடுக்கு மேலே ஓடும் கேபிள் என்றால் ஏணியும் பெல்ட்டும் உள்ள ஆட்களை விடுங்கள்.

பிங் போகிறது, எஸ்என்எம்பி பதில் சொல்லவில்லை

மானிட்டரிங் சர்வரிலிருந்தே எஸ்என்எம்பிவாக் என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அதே கட்டளையைச் சைட்டுக்குள் இருக்கும் ஏதாவதொரு கணினியிலிருந்தும் ஓட்டுங்கள். உள்ளே வருகிறது, சர்வருக்கு வரவில்லை என்றால் நடுவில் ஃபயர்வால் எஸ்என்எம்பியின் யுடிபி 161 போர்ட்டைத் தடுக்கிறது, அல்லது கருவியின் அனுமதிப் பட்டியலில் சர்வரின் ஐபி இல்லை. சர்வரை வேறு ஐபிக்கு மாற்றிய மறுநாள் எல்லாச் சைட்டும் ஒரே நேரத்தில் ஊமையானால் நேரே இந்தப் பட்டியலுக்குப் போங்கள்.

எங்கிருந்தும் வரவில்லை, நீங்கள் பயன்படுத்துவது எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பு என்றால்: கம்யூனிட்டி பெயர் (பாஸ்வேர்டு மாதிரி) தவறாக இருந்தாலும் கருவி "தவறு" என்று சொல்லாது, பேசாமல் இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டியபோது கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்திருக்கும். கையால் அடித்துப் பாருங்கள். எஸ்என்எம்பி ஏஜென்ட் முதலில் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதுக் கருவிகள் பலவற்றில் ஆஃப் ஆகவே வரும்.

வி3 என்றால் வேலை சுலபம், ஏனென்றால் அது வாயைத் திறந்து பேசும். பயனர் பெயர் தெரியவில்லை என்று வந்தால் பெயர் தவறு. ஆதென்டிகேஷன் ஃபெய்லியர் என்றால் பாஸ்வேர்டு அல்லது அதைச் சரிபார்க்கும் முறை (எஸ்ஹெச்ஏ, எம்டி5) தேர்வு தவறு. இரண்டும் சரி, ஆனாலும் டைம்அவுட் என்றால் என்க்ரிப்ஷன் வகையையும் அதன் பாஸ்வேர்டையும் பாருங்கள். பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது.

வி3யில் ஒரு குழப்பமான கோளாறு உண்டு. ஒரே மாதிரி இரண்டு கருவி. ஒன்று பச்சையானால் மற்றது சிவப்பு, கொஞ்ச நேரம் கழித்து மாறிக்கொள்ளும். ஒன்றின் அமைப்பை அப்படியே மற்றதில் கொட்டியிருப்பார்கள், அதோடு என்ஜின் ஐடியும் (வி3யில் கருவியின் அடையாள எண்) சேர்ந்து போயிருக்கும். சர்வருக்கு இரண்டும் ஒரே ஆளாகத் தெரிகிறது. ஒன்றில் என்ஜின் ஐடியை மாற்றுங்கள். மாற்றியதும் அதிலிருக்கும் வி3 பயனர்களையும் திரும்ப உருவாக்க வேண்டும், ஏனென்றால் பாஸ்வேர்டு அந்த ஐடியோடு கலந்துதான் சேமிக்கப்படுகிறது. பழுதான சுவிட்சுக்குப் பதில் புதியதை வைத்து பேக்அப்பை ஏற்றிய பிறகு வி3 மட்டும் வரவில்லை என்றாலும் இதே காரணம்தான்.

புதிதாகத் தயார் செய்கிறவர்கள் வி3, ஆதென்டிகேஷனும் என்க்ரிப்ஷனும் சேர்த்து, படிக்க மட்டும் அனுமதி என்று வைத்துவிடுங்கள். பப்ளிக், பிரைவேட் என்ற பெயரில் கம்யூனிட்டி எங்காவது மிச்சமிருந்தால் அன்றே அழித்துவிடுங்கள்.

எல்லாம் பச்சை, ஆனால் எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முடியவில்லை

*உடனே மறுக்கிறது:* பழைய செஷன்கள் இடத்தை அடைத்திருக்கலாம். சிஸ்கோ சுவிட்சில் ஐந்தே லைன் (ஒரே நேரத்தில் நுழையும் வழி) திறந்திருந்து, டைம்அவுட்டை யாராவது பூஜ்யமாக்கி, தானாக மூடாதபடி செய்திருந்தால், மூடாமல் விட்ட செஷன்களே வாசலை மறித்துக்கொள்ளும். பத்து நிமிட டைம்அவுட் போடுங்கள்.

*பொருந்தும் கீ வகை இல்லை என்கிறது:* உங்கள் கணினி புதியது, கருவி பழையது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2021இல் வந்த 8.8 பதிப்பிலிருந்து எஸ்ஹெச்ஏ1 கையெழுத்திடும் பழைய ஆர்எஸ்ஏ முறையைத் தானாக ஏற்பதில்லை. முதலில் கருவிக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் அந்த ஒரு கருவியின் ஐபிக்கு மட்டும் பழைய முறையை அனுமதியுங்கள். மொத்தமாகத் திறந்துவிட வேண்டாம்.

*நுழைகிறது, நீளமான கட்டளைக்கு நடுவில் உறைந்துவிடுகிறது:* எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பிரச்சினை. விபிஎன் பாக்கெட்டின் அளவைச் சுருக்குகிறது, பெரிய பாக்கெட் வழியில் தொலைகிறது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். போகவில்லை என்றால் இறக்கிக்கொண்டே வாருங்கள். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு நெட்டில் இணையும் வகை) இணைப்பில் 1464தான் உச்சம், விபிஎன்னுக்குள் இன்னும் குறையும். ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (பாக்கெட் அளவுக்கு வரம்பு) போட்டால் சரியாகும்.

*பாஸ்வேர்டு ஏற்கவில்லை:* ரேடியஸ் சர்வரை (எல்லாக் கருவிக்கும் பாஸ்வேர்டை ஒரே இடத்தில் சரிபார்ப்பது) நம்பியிருந்தால் அது எட்டாதபோது கருவிக்குள் இருக்கும் லோக்கல் பயனர் வேலை செய்யும்படி முன்பே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் கன்சோல் கேபிளோடு நேரில் போகத்தான் வேண்டும்.

கிராஃப் நம்பும்படி இல்லை

ஜிகாபிட் போர்ட்டில் டிராஃபிக் அதிகமானால் கிராஃப் குறைகிறதா? சர்வர் 32 பிட் எண்ணியை (போர்ட்டில் போன பைட்டுகளைக் கணக்கு வைக்கும் கவுன்டர்) எடுத்துக்கொண்டிருக்கிறது. முழு ஜிகாபிட் ஓடினால் அது சுமார் 34 வினாடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் சர்வருக்கு எத்தனை சுற்று போனதென்று தெரியாது. 64 பிட் எண்ணிக்கு மாற்றுங்கள். வி1இல் அது கிடையாது, வி2சியாவது வேண்டும்.

ரீபூட்டுக்குப் பிறகு ஒரு போர்ட்டின் கிராஃப் வேறு போர்ட்டின் பெயரில் வந்தால் இன்டெக்ஸ் எண் மாறியிருக்கிறது. இஃப்இண்டெக்ஸ் பெர்சிஸ்ட் வசதியை ஆன் செய்யுங்கள், போர்ட்டுக்கு டிஸ்கிரிப்ஷன் எழுதி அதை வைத்து அடையாளம் காணச் சொல்லுங்கள்.

லாக் வரவில்லை, வந்தாலும் நேரம் தப்பு

வரவே இல்லை என்றால் சிஸ்லாக்குக்கு (கருவி அனுப்பும் லாக்) யுடிபி 514, டிராப்புக்கு (கருவி தானாக அனுப்பும் எஸ்என்எம்பி எச்சரிக்கை) 162 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வருகிறது, ஆனால் தெரியாத ஐபி பெயரில் வருகிறது என்றால் கருவியில் சோர்ஸ் இன்டர்ஃபேஸைக் குறிப்பிடவில்லை.

நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால் டைம்ஸோன் போடவில்லை. கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது. 1970 அல்லது 1993 என்று காட்டினால் கருவி ரீபூட் ஆனபின் என்டிபி (சரியான நேரம் தரும்) சர்வரை எட்டவே இல்லை. டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தருவது) போடாமல் என்டிபிக்குப் பெயர் மட்டும் கொடுத்திருப்பார்கள்.

இதை அலட்சியமாக விடாதீர்கள். யார்டிலிருந்து ஒரு வண்டி எப்போது வெளியே போனது என்று கேமரா ஒரு நேரமும், சுவிட்ச் ஒரு நேரமும், கேட் பதிவேடு ஒரு நேரமும் சொன்னால் மூன்றுமே சாட்சிக்கு ஆகாது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வர்களோடு கடிகாரத்தைப் பொருத்தச் சொல்கிறது. லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

கரன்ட் போய் வந்ததும் அமைப்பெல்லாம் காணோம்

சேவ் செய்யவில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான். சிஸ்கோவில் ரைட் மெமரி கொடுக்கும் வரை எந்த மாற்றமும் ரீபூட்டைத் தாண்டாது.

சேவ் செய்தும் ஒவ்வொரு முறையும் வெறுமையாக எழுகிறது, அது சிஸ்கோ ரவுட்டர் என்றால் கான்ஃபிக் ரெஜிஸ்டரை (ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண்) பாருங்கள். யாரோ பாஸ்வேர்டு மீட்க 0எக்ஸ்2142 என்று வைத்துவிட்டு, திரும்ப 0எக்ஸ்2102 ஆக்காமல் போயிருப்பார்கள். அதுவும் சரியென்றால் உள்ளே ஃபிளாஷ் கெட்டிருக்கலாம். பேக்அப்பை எடுத்துக்கொண்டு கருவியை மாற்றுங்கள்.

தூரத்திலிருந்து ஒரு மாற்றம் செய்தேன், இணைப்பே போய்விட்டது

நடப்பதற்கு முன் தடுப்பதுதான் இதற்கு மருந்து. சிஸ்கோவில் ரீலோட் இன் 10 என்று கொடுத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள். வழி அறுந்தால் பத்து நிமிடத்தில் தானே ரீபூட் ஆகிப் பழைய அமைப்புக்கு வரும். எல்லாம் சரியென்றால் ரீலோடை ரத்து செய்து, பிறகு சேவ். மைக்ரோடிக்கில் சேஃப் மோட், ஜூனிபரில் கமிட் கன்ஃபர்ம்டு. இதில் ஒன்றைக்கூடப் போடாமல் மேனேஜ்மென்ட் விலானிலோ (கருவிகளை நிர்வகிக்கப் பிரித்து வைத்த நெட்வொர்க்) ஃபயர்வாலிலோ கை வைக்க வேண்டாம். கருவி அப்படி எந்த வசதியும் தராதென்றால் அந்த மாற்றத்தை நேரில் போகும் நாளுக்கு வையுங்கள்.

மழைக்குப் பிறகு பல போர்ட்டுகள் ஒரேயடியாகச் சிவப்பு

இடி இடித்த இரவுக்கு மறுநாள் அடுத்தடுத்த போர்ட்டுகள் செத்திருந்தால் வெளியே ஓடும் ஏதோ ஒரு கேபிள் வழியாக அதிர்ச்சி வந்திருக்கிறது. அந்தச் சுவிட்சில் மிச்சமிருக்கும் போர்ட்டும் நம்பகமில்லை. மாற்றுவதற்கு முன் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கை அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் ஓடும் கேபிளை ஃபைபருக்கு மாற்றிவிடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல ரேக்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், "ஒரு தடவை ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று சைட்டிலிருந்து கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மெயினை அணைக்கச் சொல்லி, தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்று தெரியும்படி எதையும் நகர்த்தாமல் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், இன்சூரன்ஸுக்கு அது வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து லைனைச் சோதித்து முடிக்கும் வரை யாரும் ரேக்கைத் தொடக் கூடாது. புதிதாக மாட்டும்போது ரேக்கைப் போன முறை தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே, சுவரில் ஏற்றுங்கள்.